பெட்டியோடு வெளியேற வேண்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவன் கைநீட்டுவதைக் கதையாகக் கொண்ட படம் ஒன்று வந்தால், அதைப் பற்றிய பேச்சு இரண்டே இடங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘ஒரே ஓர் அறைக்கா இத்தனை அமர்க்களம்?’ என்று ஒரு தரப்பு கேட்கும். ‘கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாளே, அதுதான் சுயமரியாதை’ என்று இன்னொரு தரப்பு கைதட்டும். குடும்ப வன்முறை வழக்குகளுக்கு மனு எழுதிக்கொடுப்பவர்களும் ஆலோசகர்களுமான எங்களுக்கு முதல் தரப்புக்குப் பதில் சொல்வது பழகிப்போன வேலை. இரண்டாவது தரப்பின் கைதட்டல்தான் சங்கடப்படுத்துகிறது. அந்தப் பெட்டிக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதல் கேள்விக்கான விடை சட்டத்திலேயே இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு, எலும்பு முறிந்ததா, ரத்தம் வந்ததா, எத்தனை தடவை அடித்தான் என்றெல்லாம் கேட்பதில்லை. உடலுக்கு வலி தரும் எந்தச் செயலும் உடல் வன்முறைதான். வசவு, பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது, அவளுடைய நகையை அவளுக்குத் தெரியாமல் விற்பது ஆகியவையும் அதே பிரிவுக்குள் வருகின்றன. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், திருமணமான பெண்களில் நான்கில் ஒருவர் கணவனிடம் அறை வாங்கியதாகச் சொல்லியிருக்கிறார். கணவன்மார் செய்யும் உடல் வன்முறைகளில் முதலிடம் அறைக்குத்தான். கணவனின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்தவர்கள் தமிழ்நாட்டில் 100க்கு 38 பேர். அகில இந்திய அளவு 29தான். படிப்பிலும் வேலைவாய்ப்பிலும் முன்னால் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலத்துக்கு இந்த எண் அழகல்ல.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு கேள்வி உண்டு. திரைக்கதை எழுதுபவர்கள் அதைப் படிக்க வேண்டும். சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், உடலுறவுக்கு மறுத்தால், சமையல் சரியில்லாவிட்டால், நடத்தையில் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என்று ஏழு காரணங்களை அடுக்கி, இவற்றில் எதற்காவது கணவன் அடிப்பது சரியா என்று கேட்கிறார்கள். நாடு முழுக்க ஆண்களில் 44 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றுக்குச் சரி என்கிறார்கள். பெண்களில் 45 சதவீதம். நம் படங்களில் அறை விழுவதற்கு முந்தைய வசனத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த ஏழில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இனி பெட்டிக்கு வருவோம்.

அலமாரி திறக்கிறது. நாலைந்து புடவை, குழந்தையின் இரண்டு சட்டை, அம்மாவின் போட்டோ. தாலியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறாள். வெளியே மழை. மாமியார் வாசலில் நின்று பார்க்கிறாள். கதவு சாத்தப்படுகிறது. தியேட்டரில் விசில். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் கணவன் தாக்கல் செய்யும் எதிருரையின் முதல் பத்தி எப்படி இருக்கும் தெரியுமா? ‘மனுதாரர் எந்தக் காரணமும் இன்றித் தானாகவே வீட்டை விட்டு வெளியேறிவிட்டார்.’ வரி மாறாமல் இதே வாசகம்தான் வழக்குக்கு வழக்கு வருகிறது.

அவள் போயிருக்கவே வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கணவனோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. வீட்டின் பத்திரத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. வாடகை வீடானாலும் சரிதான். 19ஆம் பிரிவு ஒரு படி மேலே போகிறது. அவளை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவிடலாம், வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ தடை போடலாம், கணவனையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லலாம். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: வெளியேறச் சொல்லும் உத்தரவை மாமியார், நாத்தனார் போன்ற பெண்கள் மீது போட முடியாது. 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, வீட்டில் அமைதி நிலவ வேறு வழியில்லை என்றால் கணவனை வெளியே அனுப்புவதில் தயக்கம் கூடாது என்று சொல்லி, இரண்டு வாரத்துக்குள் வீட்டைக் காலி செய்யும்படி ஒரு கணவனுக்கு உத்தரவிட்டார். செய்தித்தாள்களில் வந்த தீர்ப்புதான். ஆனால் பெட்டியோடு வாசலைத் தாண்டும் ஆணை எந்தப் படத்தின் உச்சக்காட்சியிலும் பார்த்த நினைவு எங்களுக்கு இல்லை.

‘இது என் வீடு, நான் சம்பாதித்துக் கட்டினது, வெளியே போ’ என்று மாமனார் கத்தும் காட்சி மட்டும் தவறாமல் வருகிறது. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு மாமனாரின் அந்த வசனத்துக்கு உண்மையிலேயே துணை நின்றது. மாமனார், மாமியார் பெயரில் மட்டும் உள்ள வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்றது அது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. கூட்டாகக் குடித்தனம் நடந்த வீடு மாமனாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் அது பொதுக் குடியிருப்புதான், 17ஆம் பிரிவின் உரிமை அங்கேயும் உண்டு. இதற்கு எதிராக இப்போது ஓடும் தந்திரம் வேறு: வீட்டைப் பெற்றோர் பெயருக்கு மாற்றிவிட்டு, மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மருமகளை வெளியேற்ற அவர்களை மனுப் போட வைப்பது. ஒரு சட்டத்தை வைத்து இன்னொரு சட்டம் தரும் உரிமையைக் காலி செய்ய முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கும் பதில் சொல்லிவிட்டது. வயதான பெற்றோரின் நிம்மதியையும் நீதிமன்றம் எடைபோடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாற்று வீடு பார்த்துக்கொடு, வாடகையை நீ கட்டு என்று கணவனுக்கு உத்தரவிட்டு முடியும் வழக்குகளும் உண்டு.

போகவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சில வீடுகளில் ஒரு இரவு கூடத் தங்கக் கூடாது. கழுத்தில் கை வைத்தவன் வீடு அப்படிப்பட்டது. அறைக்குக் கொதிக்கும் உறவுகள் கழுத்தை நெரித்ததைச் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். வெளியே அடையாளம் தெரியாது என்பதுதான் காரணம். குரல் கம்முவது, விழுங்கக் கஷ்டப்படுவது, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிவது, அந்த நேரத்தில் தன்னையறியாமல் சிறுநீர் போயிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடையாளமே இல்லாவிட்டாலும் போவது நல்லது. ஒரு முறை கழுத்தை நெரித்தவன் பின்னால் உயிரை எடுக்கும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு என்பது உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். இன்னொன்றும் ஒப்புக்கொண்டதுதான்: ஒரு பெண் பிரிந்து போக முயலும் நாட்கள்தான் அவளுக்கு மிக ஆபத்தான நாட்கள். அவன் முகத்துக்கு நேராக ‘நான் போறேன்’ என்று சொல்லிவிட்டு ராத்திரியில் தனியாக நடந்து போகும் காட்சி எவ்வளவு அழகாகப் படமாக்கப்பட்டாலும், அதை ஒரு பெண் அப்படியே செய்து பார்ப்பதை நாங்கள் விரும்பமாட்டோம். போக வேண்டியிருந்தால் அவன் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில், ஒருவரிடம் சொல்லி வைத்துவிட்டு, 181க்கோ 112க்கோ பேசிவிட்டுப் போக வேண்டும்.

அப்படிப் போகும்போது பெட்டியில் இருக்க வேண்டியது என்ன? புடவையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். ரேஷன் கார்டு அல்லது அதன் படம்: ஒரே வீட்டில் குடித்தனம் செய்தார்கள் என்பதற்கு அவள் பெயரும் அவன் பெயரும் அடுத்தடுத்து இருக்கும் அந்த அட்டையைப் போல எளிய சான்று வேறில்லை. திருமணப் பதிவுச் சான்று, அது இல்லையென்றால் பத்திரிகையும் நான்கு போட்டோவும். ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று, அவளுடைய படிப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம். அவனுடைய சம்பளச் சீட்டு ஒன்றே ஒன்று கிடைத்தால்கூடப் போதும், ஜீவனாம்ச வழக்கு பாதி நிமிர்ந்துவிடும். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது; போனில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய தடயத்தை அழித்துவிட்டால் ஆயிற்று. அந்த போனில் அவனுடைய கூகுள் கணக்கு திறந்திருந்தால் படங்கள் நேராக அவனிடம் போய்ச் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

நகை விஷயம் தனி. போட்டது 40 பவுனா 60 பவுனா என்று நீதிமன்றத்தில் வாய்ச்சண்டை போட்டு ஜெயித்தவர்கள் குறைவு. கல்யாண ஆல்பத்தை எடுத்து, எந்தப் படத்தில் எந்த ஆரம், எந்த நெக்லஸ், எத்தனை வளையல் என்று படத்துக்கு எண் போட்டு ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். பக்கத்தில் கடை ரசீது இருந்தால் எடை, இல்லாவிட்டால் உத்தேச எடை. எது மாமியாரின் லாக்கரில் இருக்கிறது, எது அவன் தொழிலுக்காக அடகில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். அடகுச் சீட்டு அவன் பெயரில் இருக்கும், நகை ஆல்பத்தில் அவள் கழுத்தில் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் நீதிபதிக்குப் புரிந்துவிடும். சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட 19ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது. அதற்கென்று தனி வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைய வேண்டாம்.

படங்களில் ஆஸ்பத்திரிக் காட்சி ஏறக்குறைய இல்லவே இல்லை. உண்மையில் பல வழக்குகள் அங்கேதான் தோற்கின்றன. கன்னத்தில் விரல் தடம் சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ மங்கிவிடும். காதைச் சேர்த்து விழுந்த அறையில் செவிப்பறை கிழிவது உண்டு. காதில் இரைச்சல், மந்தம், கொஞ்சம் ரத்தம் என்று தெரியவரும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். அதனால்தான் உடனே காது மருத்துவர் பார்த்து எழுத வேண்டும் என்கிறோம். புதுக் கிழிசலின் ஓரத்தில் ரத்தக் கறை இருக்கும், நாளானால் அது பழைய ஓட்டையா புதியதா என்ற வாதத்துக்கு இடம் கொடுத்துவிடும். அரசு மருத்துவமனையில் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எப்படி அடிபட்டது என்று அவர் கேட்கும்போது பக்கத்தில் கணவன் நிற்பான். ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்’ என்று அவள் சொல்வாள், அவர் அதையே எழுதுவார். இரண்டு வருஷம் கழித்து குறுக்கு விசாரணையில் அந்த ஒற்றை வரியை வைத்து மொத்தச் சாட்சியத்தையும் உடைப்பார்கள். துணைக்கு வந்தவரை வெளியே நிற்கச் சொல்லுங்கள் என்று மருத்துவரிடம் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. கேட்காமலே அனுப்பிவைக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

காவல் நிலையக் காட்சிகள் இரண்டு வகை. ஒன்றில் பெண் இன்ஸ்பெக்டர் கணவனை லாக்கப்பில் வைத்து வெளுத்துவிடுவார், இன்னொன்றில் ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று திருப்பி அனுப்புவார். 1992இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்னும் திரையில் இந்த இரண்டே வகைதான். நிஜத்தில் மனுவை வாங்கி, பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். ‘இனிமேல் அடிக்க மாட்டேன்’ என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். ஒற்றை அறைக்கு எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் அது எப்போதும் போலீஸின் மெத்தனம் என்று சொல்லிவிட முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், கணவன் வீட்டாரின் கொடுமைக்கான பழைய 498ஏ இப்போது 85, 86 ஆகிய பிரிவுகளாக இருக்கிறது. தற்கொலைக்குத் தள்ளக்கூடிய அளவுக்கோ, உயிருக்கோ உடல், மன நலனுக்கோ கடும் கேடு தரும் அளவுக்கோ கொடுமை இருக்க வேண்டும். அல்லது பணம், சொத்து கேட்டுத் துன்புறுத்தியிருக்க வேண்டும். சாதாரண அடி 115ஆம் பிரிவில் வரும், நீதித்துறை நடுவரின் அனுமதி இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. 85ஆம் பிரிவிலேயே வழக்கு வந்தாலும் உடனே கைது என்பது கிடையாது. 2014இல் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டுவிட்டது.

அந்த வெள்ளைத்தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அதை அவன் மீறினால் என்ன ஆகும்? இன்னொரு மனு, இன்னொரு வெள்ளைத்தாள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் நீதித்துறை நடுவர் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் நிலைமை வேறு. அது ஜாமீனில் விட முடியாத குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறினான் என்பதற்கு அவளுடைய ஒரே சாட்சியத்தை வைத்துக்கூட நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்று 32ஆம் பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனில் எழுதி வாங்கிய காகிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, ‘எழுதிக் கொடுத்தும் அடிக்கிறாரே’ என்று வரும் பெண்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லியிருப்பதில்லை.

சொல்ல வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பார். குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவம் 1ஐ நிரப்பி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். அந்தப் படிவத்தில் தேதி, நேரம், இடம், யார் செய்தது என்று கட்டம் கட்டியிருக்கும். ‘அடிக்கடி அடிப்பார்’ என்று எழுதினால் அந்தக் கட்டங்கள் காலியாகத்தான் நிற்கும். தேதி நினைவில்லாவிட்டால் தீபாவளிக்கு மறுநாள், பையனின் அரைப்பரீட்சை சமயம், நாத்தனாருக்கு வளைகாப்பு நடந்த வாரம் என்று ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டால் தேதி வந்துவிடும். அறிக்கை இல்லாமலே நேரடியாக 12ஆம் பிரிவில் மனுப் போடவும் முடியும். அறிக்கை இல்லை என்பதற்காக உத்தரவை மறுக்கக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சம்பவம் நடந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது, மனு செல்லாது என்ற வாதமும் இந்தப் பிரிவுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் அதே ஆண்டு ஏப்ரலில் வந்த தீர்ப்பு அது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும், அல்லது 15100க்குப் பேசலாம். தாய்வீட்டில் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். அவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

மனுவில் வழக்கமாக நடக்கும் பிழை இரண்டு. ஜீவனாம்சத்தை மட்டும் கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் உரிமையைக் கேட்க மறந்துவிடுவது முதலாவது. இதற்கு வக்கீல்களும் பொறுப்பு. இரண்டாவது, இடைக்கால உத்தரவு கேட்பதற்கான 23ஆம் பிரிவின் படிவம் 3 பிரமாணப் பத்திரத்தைச் சேர்க்காமல் விடுவது. முதல் விசாரணையை வழக்கமாக மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும், அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வாய்தாவுக்கு மேல் வாய்தா என்று இழுப்பதுதான் நடப்பு. இடைக்கால உத்தரவு இருந்தால் அந்த இழுவையைத் தாங்கலாம், இல்லாவிட்டால் அலுத்துப்போய்ச் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். நிலைமை அவசரம் என்றால் எதிர்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடவும் அந்தப் பிரிவில் இடமிருக்கிறது.

நோட்டீஸ் போனதும் ‘வேலையை விட்டுவிட்டேன்’ என்பான். உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். ஜீவனாம்சமும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. சம்பளத்தில் பிடித்து நேராக அவளுக்குக் கட்டும்படி முதலாளிக்கே உத்தரவு போடவும் 20ஆம் பிரிவில் வழி உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஜீவனாம்சப் பிரிவான பழைய 125, இப்போதைய 144, அந்த வழியில் வாங்கிய உத்தரவானால் ஒன்றைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்: பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூலுக்கு மனுப் போடாவிட்டால் அந்த மாதத்துக்கு வாரண்ட் கிடைக்காது.

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்பதை நம் படங்கள் விடுவதாக இல்லை. அறைந்த கணவன் இடைவேளைக்குப் பிறகு உருகுவான், காலில் விழுவான், மழையில் நிற்பான், அவள் மன்னிப்பாள். திரையில் அது முடிவு. ஆலோசனை அறையில் அது சக்கரத்தின் ஒரு பல்தான். புகைச்சல், அடி, அழுகை, பூவும் பிரியாணியும், சில வாரம் சமாதானம், மறுபடி புகைச்சல். அவன் அழுவது பொய் என்று நாங்கள் சொல்லமாட்டோம், அநேகமாக நிஜமாகத்தான் அழுவான். அதனால்தான் அவளும் திரும்பிப் போகிறாள். இங்கே 2006ஆம் ஆண்டு விதிகளில் இருக்கும் ஒரு வரியைச் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையில், ‘நான் ஏன் அடித்தேன் என்றால்...’ என்று காரணம் சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை. பேச்சு தொடங்கும் முன்பே அதை அவனுக்குத் தெரிவித்துவிட வேண்டும். ‘அவ என்ன பேசினான்னு கேளுங்க சார்’ என்று தொடங்கும் வாயை அங்கேயே நிறுத்தலாம். ஏழு காரணக் கேள்வியைக் கேட்ட அதே நாட்டில் எழுதப்பட்ட விதி இது.

இன்னொன்று. வரும் பெண்களில் பெரும்பாலோர் விவாகரத்து கேட்பதில்லை. ‘அடி நின்னா போதும்’ என்கிறார்கள். நம் திரைக்கதைக்குச் சேர்ந்து வாழ்வது, பிரிவது என்று இரண்டு முடிவுதான் தெரியும். கல்யாணம் அப்படியே இருக்க, வீட்டிலும் இருந்துகொண்டு, கையில் ஓர் உத்தரவையும் வைத்துக்கொள்ளும் மூன்றாவது நிலைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, படத்தில் இல்லை. அது கோழைத்தனம் என்று ஒருசாரார் எழுதுகிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. திருமணம், சுயமரியாதை என்ற இரண்டு சொற்களையும் ஒரே வரியில் சட்டமாக எழுதிய மாநிலம் இது. 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவில் ‘சுயமரியாதை’ என்ற சொல் தமிழ்ச் சொல்லாகவே நிற்கிறது. தாலி கட்டும் நாளுக்கு மட்டும் அந்தச் சொல் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

புகைபிடிக்கும் காட்சி வந்தால் திரையின் மூலையில் எச்சரிக்கை வரி ஓடுகிறது. அறை விழும் காட்சியில் 181 என்ற மூன்று இலக்கத்தைப் போட எந்தச் செலவும் இல்லை. தினமும் இரவு ஏழு மணி முதல் பத்து மணி வரை ஓடும் தொடர்கள் இதைச் செய்தாலே போதும். முன்பு சொன்ன குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். யாரிடமும் வாய் திறக்காதவர்கள் 77 சதவீதம்.

இயக்குநர்களுக்கு ஒரு காட்சியைத் தந்துவிட்டுப் போகிறோம், உரிமைத்தொகை வேண்டாம். காலை பதினோரு மணி. வாசலில் ஒரு பெண் காவலரும் பாதுகாப்பு அலுவலரும். நடுவரின் உத்தரவு நகல் ஒன்று ஸ்டேஷனுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, நகலுக்குக் கட்டணம் கிடையாது. அவன் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு எதையோ மறந்ததுபோல் நிற்கிறான். சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்ற நேரமாகிறது, நகம் வழுக்குகிறது. யாரும் யாரையும் அறையவில்லை, பின்னணி இசையும் தேவையில்லை. அவன் படியிறங்கிய பிறகு அவள் முதலில் செய்ய வேண்டிய வேலை பூட்டை மாற்றுவது. அடுத்தது, கேஸ் ஏஜென்சிக்குப் போய் போன் நம்பரை மாற்றுவது. இல்லாவிட்டால் அடுத்த சிலிண்டர் வரும்போது சொல்ல வேண்டிய எண் அவன் செல்போனுக்குத்தான் போகும்.

இப்படிக்கு,
குடும்ப வன்முறை வழக்குகளில் பணிபுரியும் வழக்கறிஞர்களும் ஆலோசகர்களும்